கிடைத்துவிடும் என்று நான் சொன்னது

வியாசர்பாடி,
14.6.2021

அன்பு மகன் தீனாவுக்கு, நைனா எழுதுவது. அந்த ஓமான் வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதத் தொடங்குகிறேன். நானும் உன் அம்மாவும் மித்ராவும் ஒரே அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நாளைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். கையில் போன் இருக்க இவர் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். பேச இடம் இல்லை தீனா. காலை ஒன்பதிலிருந்து இரவு ஏழு மணிவரை மித்ராவின் குரலைத் தவிர வேறு குரல் வீட்டில் கேட்கக்கூடாது. மொட்டை மாடிக்குப் போனால் அங்கே ஏற்கெனவே நாலு பேர் நாலு மூலையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஐந்தாவது ஆளைக் கண்டால் துணியை மூக்குக்கு மேல் இழுத்துக்கொள்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவேன், மேலே எண் போட்டிருக்கிறேன், வரிசை மாற்றிப் படிக்காதே.

மித்ரா வீட்டிலிருந்து வேலை செய்கிறாள் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். என்ன வேலை என்று நாங்கள் விவரமாகச் சொல்லவில்லை. முன்பு அம்பத்தூரில் அவள் செய்தது ஓட்டல் ரூம் பதிவு செய்துகொடுக்கும் வேலை. ஓட்டல்களை எல்லாம் மூடியதும் அந்தக் கம்பெனிக்காரர்கள் வேறு ஒரு வேலையை எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காதவர்கள் போன் செய்வார்கள். நோயாளியின் பெயர், வயது, ஏரியா, ஆக்சிஜன் எத்தனை காட்டுகிறது என்று கேட்டுப் பட்டியலில் ஏற்ற வேண்டும். எங்காவது இடம் காலியானால் வரிசைப்படி கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். கம்பெனி ஒரு கம்ப்யூட்டரும் ஒரு போனும் கொடுத்திருக்கிறது. ஜன்னல் ஓரத்தில்தான் சிக்னல் எடுக்கிறது என்று தையல் மெஷின் மேல் பலகை போட்டு அங்கே உட்கார்ந்திருக்கிறாள். கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி கீழே போகும்போதெல்லாம் ஒரு நிமிஷம் பொறுத்துக்கோங்க சார் என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்துகிறாள், வண்டி போனதும் திறக்கிறாள். நமது ஃபேன் போடும் சத்தம் உனக்குத் தெரியும், அது எதிராளிக்கும் கேட்கிறது என்று புகார் வந்ததால் கத்திரி வெயிலில் அதையும் நிறுத்தினோம். குக்கர் விசில் கூடாது என்று அம்மா சோற்றை வடித்துக்கொண்டிருக்கிறாள், மிக்ஸி ஏழு மணிக்கு மேல்தான். டீ வேண்டும் என்றால் கட்டைவிரலைத் தூக்க வேண்டும், சாப்பாடு என்றால் வயிற்றைத் தொட வேண்டும். முப்பது வருஷம் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு இறக்குகிற சத்தத்துக்கு நடுவில் எடை மேடையில் உட்கார்ந்து கத்திக் கத்தி சீட்டு எழுதியவன் நான். மார்க்கெட்டை மூடியபின் வீட்டுக்கு வந்து ஊமையாகிவிட்டேன்.

வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பவனுக்குக் காது ஒன்றுதான் வேலை செய்கிறது. நாள் முழுவதும் நான் அவள் பேசுவதைக் கேட்டேன். கேட்காமல் இருக்க வழியும் இல்லை. எதிரில் இருப்பவர்கள் அழுவார்கள், கத்துவார்கள், சில பேர் ஒன்றும் சொல்லாமல் மூச்சு மட்டும் விடுவார்கள், அதுகூட எனக்கு இந்தப் பக்கம் கேட்கும். இவள் எல்லோருக்கும் ஒரே குரலில் ஒரே வார்த்தைகளைச் சொல்வாள். பதிவு பண்ணிட்டேன், இடம் வந்தா கூப்பிடுவோம், அதுவரைக்கும் நீங்களும் வேற இடங்கள்ல முயற்சி பண்ணிக்கிட்டே இருங்க. இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். அதற்குக் கீழே சிவப்பு மையில், கிடைக்கும் என்று சொல்லக்கூடாது என்று எழுதியிருக்கும். அவள் போனில் சொல்வதில் அந்தக் கடைசி வரி எனக்குப் பிடிக்கவே இல்லை. நீங்களும் தேடிக்கொள்ளுங்கள் என்று ஒருத்தி தவிக்கும்போது சொல்வது கையை விரிக்கிற பேச்சு இல்லையா. நம் வயிற்றில் பிறந்தவளுக்கு இவ்வளவு வறண்ட குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குள் ஒரு கோபம் ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் சாப்பிடும்போது கேட்டுவிட்டேன், ஏம்மா, கெடச்சிடும்னு ஒரு வார்த்த சொன்னா உனக்கு இன்னா கொறஞ்சிடப் போது என்று. அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கொறையும் நைனா என்றாள். அவ்வளவுதான் பதில். எனக்கு அது திமிராகப் பட்டது. இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் ஏற்கெனவே வீட்டுச் சட்டம் என்பதால் அவளுக்கு அது தெரிந்ததோ இல்லையோ தெரியாது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். மே மாதம் பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை, மணி மூன்று இருக்கும். மித்ரா காலையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அடக்க முடியாமல் கடைசியில் எழுந்து வராண்டா கோடியில் இருக்கும் பொதுக் கக்கூசுக்கு ஓடினாள். அங்கே வரிசை நின்றிருக்கிறது. எழுந்து போகும்போது கம்ப்யூட்டரில் எதையோ அமுக்கிவிட்டுப் போனால்தான் கால் வேறு ஆளுக்குப் போகும், அவசரத்தில் மறந்துவிட்டாள். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அடித்து நின்றது. அதே நம்பர் மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை அடித்தபோது நான் எடுத்துவிட்டேன். அதைத் தொடாதே என்று மித்ரா முதல் நாளே சொல்லியிருந்தாள், தெரிந்தேதான் எடுத்தேன்.

ஒரு பெண் பேசினாள். பெயர் தஸ்னீம், பழைய வண்ணாரப்பேட்டை. வீட்டுக்காரர் மொஹ்சின், வயது நாற்பத்திரண்டு, ஆக்சிஜன் எண்பத்தெட்டு. ஒரு மாதமாகக் கேட்டுக்கேட்டு எனக்குக் கேள்விகள் மனப்பாடம். மித்ரா கேட்கிற வரிசையிலேயே கேட்டேன், காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். அந்தப் பெண் அழவில்லை. கெடைக்குமா சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, கெடைக்குமா என்று மட்டும் கேட்டாள். நான் சொன்னேன், கெடச்சிடும்மா, நான் சொல்றேன் இல்ல, நீ எங்கியும் அலையாத, வூட்லயே இரு, போன் வரும் என்று. அவள் சரிங்க அய்யா என்று சொன்னபோது அந்தக் குரல் கொஞ்சம் இறங்கி வந்தது எனக்குத் தெரிந்தது. போனை வைத்ததும் என் மனசு எப்படி இருந்தது என்று உன்னிடம் மறைக்கமாட்டேன். சந்தோஷமாக இருந்தது. மார்க்கெட் மூடியதிலிருந்து அன்றைக்குத்தான் ஒருவருக்குப் பயன்பட்டதாக நினைத்தேன்.

மித்ரா வந்ததும் தாளைக் கொடுத்தேன். ஏன் எடுத்த என்று முறைத்தாள், ஆனால் விவரம் எல்லாம் சரியாக இருந்ததால் பட்டியலில் ஏற்றிவிட்டு அடுத்த காலுக்குப் போய்விட்டாள். நான் அந்தப் பெண்ணிடம் சொன்னதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

ஆறரை மணிக்கு அந்த நம்பர் மறுபடி வந்தது. மித்ரா பேசிக்கொண்டே இருந்தவள் அப்படியே என் பக்கம் திரும்பினாள். யார் சொன்னது அப்படி என்று போனில் கேட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்தது எனக்கும் கேட்டது. ஒரு பெரியவர் சொன்னாருங்க, வூட்லயே இருங்க கெடச்சிடும்னாரு, அதான் வேற யாருக்கும் போன் போடல, சொந்தக்காரங்க தண்டையார்பேட்டையில ஒரு எடம் கீதுன்னாங்க, அதையும் வேணாம்னுட்டோம், இப்ப எழுபத்தாறு காட்டுது. தீனா, எடை மேடையில் முப்பது வருஷத்தில் நான் ஒரு சீட்டைத் தப்பாக எழுதியதில்லை. அந்த எண்பத்தெட்டும் எழுபத்தாறும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. நடுவில் போன மூன்றரை மணி நேரம் நான் எடுத்துக்கொண்டது.

மித்ரா என்னைத் திட்டவில்லை. திட்ட நேரம் இல்லை. காத்திருக்க வேணாம் அக்கா, இப்பவே கிளம்புங்க, ராயபுரம் பெரியாஸ்பத்திரி வாசலுக்குப் போங்க, எழுபத்தாறுன்னு முதல்ல அதைச் சொல்லுங்க, குப்புறப் படுக்க வெச்சே கூட்டிட்டுப் போங்க என்று சொன்னாள். அவர்களுக்கு வண்டி இல்லை. ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் இரண்டு மணி நேரம் ஆகும் என்கிறார்களாம், ஆட்டோ எதுவும் ஓடவில்லை. அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. சௌக்கத் அலியைக் கூப்பிடுறேன் என்றேன். உனக்கு ஞாபகம் இருக்கும், மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுபவர், உன்னைச் சின்ன வயதில் பின்னால் ஏற்றி ரவுண்டு அடிப்பார். என் போனிலிருந்து கூப்பிட்டேன். அவர் நோன்புப் பெருநாள் முடிந்தும் வேலை இல்லாமல் வண்ணாரப்பேட்டையில் மச்சான் வீட்டில்தான் இருந்தார். நான் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை, எந்தத் தெரு மாமு, அத்த மட்டும் சொல்லு, அப்பால பேசிக்கலாம் என்றார். கோணிப்பை மேல் பாயைப் போட்டு, மொஹ்சினைக் குப்புறப் படுக்கவைத்து, அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தட்டிக்கொண்டே போயிருக்கிறாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றிருக்கின்றன. வரிசையில் நிற்கும்போதே ஒரு நர்ஸ் வந்து பார்த்து ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் லோடு ஆட்டோவிலேயே படுத்திருந்து, பிறகு உள்ளே எடுத்துக்கொண்டார்கள். உள்ள எட்துக்கினாங்க மாமு என்று சௌக்கத் அலி போன் செய்யும்வரை நானும் மித்ராவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் காலையில் மித்ராவே தன் மேலதிகாரி சில்வியா மேடத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். கால் எல்லாம் பதிவாகிறதாம், ஆனால் யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை, இவள் சொல்லாவிட்டால் தெரிந்திருக்காது. வேணாம்மா, வூட்டுக்கு இப்ப வர்றது உன் சம்பளம் ஒண்ணுதான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பொண்ணு கம்பெனில சொன்னாங்கன்னு இத நாலு பேர்கிட்ட சொல்லி, அவங்களும் கெடைக்கும்னு நம்பிக்கினு வூட்லயே உக்காந்துட்டா என்று கேட்டாள். சில்வியா மேடம் கெட்ட மனுஷி இல்லை, பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டு ஆள் போனைத் தொட்டதை விட்டுவிட முடியாது என்று பத்து நாள் வேலை கிடையாது என்றார்கள்.

அவளுக்கு வேலை இல்லாத அந்த நாட்களில் வீட்டில் ஃபேன் ஓடியது, குக்கர் விசில் அடித்தது, யார் வேண்டுமானாலும் எவ்வளவு சத்தமாகவும் பேசலாம் என்று இருந்தது. ஒருவரும் பேசவில்லை. மித்ரா இரண்டு நாள் தூங்கினாள், சாப்பாட்டுக்கு எழுப்பினால் எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்வாள். மூன்றாம் நாள் மாலையில் நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நானே ஆரம்பித்தேன், தப்பு பண்ட்டேம்மா என்று. அவள் சொன்னாள், நைனா, எனக்கும்தான் தெனம் வாய் வரைக்கும் வருது, கெடைக்கும்னு. ஒரு நாளைக்கு அம்பது வாட்டி, அறுவது வாட்டி வருது. முழுங்கிக்கினே கீறேன். அதான் சாப்புடப் புடிக்கல என்று. நான் அவள் குரலில் ஈரம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த நாளெல்லாம் பிள்ளை அந்த ஒரு வார்த்தையை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். பெற்றவன் பத்தடி தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தும் எனக்கு அது கேட்கவில்லை. அன்றைக்கு அவள் தலையில் கைவைத்தேன். இருபத்தாறு வயதுப் பிள்ளை, தலை முழுக்க வேர்வை.

மொஹ்சின் பதிமூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இந்த மாதம் முதல் தேதி வீட்டுக்கு வந்துவிட்டார், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று சௌக்கத் அலி சொன்னார். அவரிடம் நம்பர் வாங்கி நான் தஸ்னீமைக் கூப்பிட்டேன். மாடியில் அந்த நாலு பேருக்கு நடுவில் நின்றுகொண்டுதான் பேசினேன். அன்னிக்கு உன்ன வூட்லயே இருன்னு சொன்னவன் நாந்தாம்மா, நான் கம்பெனி ஆளே இல்ல, எனக்கு ஒண்ணும் தெரியாது, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன் என்றேன். அவள் சொன்னாள், நீங்க சொன்னப்ப நல்லா இருந்துச்சுங்க அய்யா, அவருகிட்ட சொன்னேன், அவரும் ரெண்டு வாய் கஞ்சி குட்சாரு. அப்பால எண் எறங்க எறங்க உங்க மேல அப்டி கோவம் வந்துச்சு. ரெண்டும் நெஜந்தான். இனிமே யாருக்கும் சொல்லாதீங்க என்று. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டேன்.

பத்து நாள் முடிவதற்கு முன்னாலேயே மித்ராவைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். அவளோடு வேலை செய்த இரண்டு பெண்களுக்குக் காய்ச்சல். இப்போது அழைப்புகள் கொஞ்சம் குறைந்திருக்கின்றன, இருந்தாலும் ஃபேன் மறுபடி நின்றுவிட்டது. அவள் எழுந்து வெளியே போனால் அந்தப் போனைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறாள். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

தீனா, போன வாரம் நீ எனக்குத் தனியாகக் குரல் அனுப்பியிருந்தாய், நெஜமா சொல்லு நைனா, எல்லாம் நல்லாத்தான் கீதா, நான் கெளம்பி வரட்டுமா என்று. நான் உடனே, எல்லாம் நல்லா கீது, நீ வேலையப் பாரு என்று பதில் அனுப்பினேன். அனுப்பியபின் அதை நானே மறுபடி போட்டுக் கேட்டேன். தஸ்னீமிடம் சொன்ன அதே பேச்சை என் மகனிடமும் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது. அதனால் இப்போது நிஜத்தை எழுதுகிறேன். உன் அம்மாவுக்கு ஏப்ரல் கடைசியில் கொரோனா வந்தது. அடுப்படிக்கும் அறைக்கும் நடுவில் புடவையைக் கட்டி அவளை உள்ளே படுக்கவைத்தோம். மித்ரா ஊராரின் ஆக்சிஜன் எண்ணை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே நடுநடுவே புடவையை விலக்கி அம்மாவின் விரலில் ஆக்சிஜன் காட்டும் கருவியை மாட்டிப் பார்ப்பாள். தொண்ணூற்று மூன்றுக்குக் கீழே போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகாமலே தேறிவிட்டாள். ஆனால் முழுசாகத் தேறவில்லை. தண்ணீர் லாரி வந்தால் கீழே போய் ஒரு குடம் எடுத்துவர முடியவில்லை, நான்தான் எடுக்கிறேன். பகலில் தூங்காதவள் தினம் மூன்று மணி நேரம் தூங்குகிறாள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. உப்பு நாக்குக்குத் தெரியவில்லை, குழம்பை ஒரு கரண்டியில் எடுத்து என்னிடம் நீட்டுவாள், நான் விரலைக் காட்டிச் சொல்வேன். நீ வீடியோவில் வருகிறாய் என்றால் அரை மணி நேரம் முன்னாலேயே தலை வாரி, பவுடர் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். எனக்கு இன்னா, கல்லு மாதிரி கீறேன் என்று உன்னிடம் அவள் சொல்லும்போது நாங்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்போம். புள்ள தூரத்துல கீறான், அவன் ஏன் பேஜாராவணும் என்று எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். நான் இன்று அதை மீறிவிட்டேன். அவளுக்கு இந்தக் கடிதம் தெரியாது.

இப்போது விமானம் இல்லை என்பது எனக்குத் தெரியும். வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வழி திறந்ததும் பதினைந்து நாளாவது வந்து போ. வந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும், அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். அவள் தேறிவிடுவாளா என்று கேட்காதே. டாக்டர் மூன்று மாதம் ஆகலாம் என்கிறார், இன்னும் அதிகமும் ஆகலாம் என்கிறார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியாததைத் தெரிந்த மாதிரி இனி எழுதமாட்டேன்.

அங்கே தடுப்பூசி போடுகிறார்கள் என்றால் தள்ளிப்போடாமல் போய்ப் போட்டுக்கொள். கேம்பில் ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கிறீர்கள் என்றாயே, யாருக்காவது காய்ச்சல் என்றால் வெட்கப்படாமல் சொல்லி வேறு இடம் கேள். உனக்கே வந்தாலும் எங்களிடம் மறைக்காதே, நாங்கள் தாங்குவோம். சௌக்கத் அலி உன்னை விசாரித்தார், ஒரு நாள் அவருக்கு ஒரு போன் போடு. நீ நோய்நொடி இல்லாமல், நிமிர்ந்த தலையோடு, நல்லவர்கள் துணையோடு இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் தினமும் நினைத்துக்கொள்கிறோம். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. அடுத்த முறை அம்மாவோடு பேசும்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்காதே, நல்லா கீறேன் என்றுதான் சொல்வாள். மூணு மாடி ஏர்றதுக்குள்ள எத்தனை எடத்துல உக்காந்த என்று கேள். மித்ரா அப்படித்தான் கேட்கிறாள். எண்ணிக்கை கேட்டால் உன் அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. நேற்று மூன்று இடம்.

ஜெய்பீம்.

உன் நைனா,
சுப்பராயன்